ஒன்பது மணிக்கு வரவேண்டிய அக்கா: ரொறன்ரோ ஸ்காபரோவில் ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவை

அம்மாவுக்கு 2024 புரட்டாசியில் பாரிசவாதம் வந்தது. வலது கையைத் தூக்க முடியாது. இருபது வருடம் தொழிற்சாலையில் பேசிப் பழகிய ஆங்கிலமும் அதோடு போய்விட்டது, தமிழ் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்து மூன்று கிழமைக்குப் பிறகிலிருந்து ஒரு வீட்டுப் பராமரிப்புக் கொம்பனியின் பிஎஸ்டபிள்யூமார் (குளிக்க, உடுக்க உதவும் பராமரிப்பு ஊழியர்) வந்துபோகிறார்கள். "எந்தக் கொம்பனி, ஆட்கள் எப்படி?" என்று இதுவரை நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டது, அதுதான் எழுதுகிறேன்.

பெயரைப் போடவில்லை. போட்டும் உங்களுக்குப் பயனில்லை, ஏனென்றால் இது கடை பார்த்து வாங்கும் சாமான் அல்ல. வீட்டுப் பராமரிப்பை ஒழுங்குசெய்யும் மாகாண அமைப்பான ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோமிலிருந்து ஒரு இணைப்பாளர் வந்து பார்ப்பார். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று அவர் தீர்மானிப்பார். வேலை, ஒப்பந்தம் எடுத்திருக்கும் ஒரு கொம்பனிக்குப் போகும். நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. சரி, காசு கட்டாதவனுக்கு என்ன விமர்சனம் என்று கேட்கலாம். வரி கட்டுகிறேன்தானே.

எங்களுக்குக் கிடைத்தது திங்கள் முதல் வெள்ளிவரை காலை ஒன்பது மணிக்கு ஒரு மணித்தியாலம். அதில் பெரிய வேலை குளிப்பாட்டுவது. வந்த அக்கா (ஊர் சாவகச்சேரிப் பக்கம்) முதல் நாளே குளியல் கதிரையை ஷவர் பக்கம் திருப்பிப் போட்டார். சுகமான இடது கை சுவர்க் கம்பிக்குப் பக்கத்தில் வரவேண்டுமாம், அப்போதுதான் அம்மா தானே பிடித்து எழும்புவா. மூன்று கிழமையாக நாங்கள் மறுபக்கம் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தோம். சட்டை போடும்போது சுகமில்லாத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். தலையில் வார்க்க முன் தன் முழங்கையில் தண்ணீரை விட்டுப் பார்ப்பார். கூந்தலுக்கு எண்ணெய் வைத்துப் பின்னுவது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் செய்தார். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நான் ஐந்து நட்சத்திரத்துக்கு மேலும் கொடுப்பேன்.

அந்த ஒரு மணித்தியாலம் எப்போது தொடங்கும் என்பதில்தான் சிக்கல். ஒன்பது என்றால் ஒன்பதரை, சில நாள் பத்தேகால். நான் பத்து மணிக்கு வேலைக்குக் கிளம்பவேண்டியவன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அலுவலகத்திலிருந்து போன் வரும்: "இன்றைக்கு ஆள் இல்லை, நீங்கள் சமாளிக்கலாமா?" எப்படிச் சமாளிப்பது? அம்மா என்னிடம் குளிக்கமாட்டா. "நீ வெளியில போ தம்பி, நான் ஈரத்துணியால துடைக்கிறன்" என்பா. ஒற்றைக் கையால் துடைப்பது எப்படியிருக்கும் என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் கோபத்தில் அலுவலகத்துக்கு எடுத்து நன்றாகக் கத்தினேன். மறுமுனையில் இருந்த பிள்ளை மன்னிப்புக் கேட்டது, அவ்வளவுதான். அன்றிரவு ஒரு நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் எழுதியும் வைத்தேன். போடவில்லை.

போடாததற்குக் காரணம் ஒரு ஸ்நோ நாள். அக்கா ஒரு மணித்தியாலம் பிந்தி, சப்பாத்துக்குள் எல்லாம் நனைந்து வந்தார். அடுத்துப் போகவேண்டிய வீட்டில் இருப்பவர் ஆஸ்பத்திரியில் என்று செய்தி வந்திருந்தது, ஆகவே வேலை முடிந்தபின் இருந்து பிளேன்ரீ குடித்தார். கைப்பேசியில் அன்றைய அட்டவணையைக் காட்டினார். ஏழரைக்கு மோர்னிங்சைட் பக்கம் ஒரு வீடு, எட்டேகாலுக்கு எக்லின்ரனில் ஒன்று, ஒன்பதுக்கு நாங்கள். இடையில் இரண்டு பஸ். 2023 ஆடி மாதம் ஸ்காபரோ ஆர்ரி ரயில் தடம் புரண்டு மூடப்பட்ட பிறகு இந்தப் பக்கத்தில் பஸ்ஸை நம்பினவர் நிலை உங்களுக்கே தெரியும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்துக்கு அவருக்கு வேறு கணக்கு, வீட்டுக்குள் நிற்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போனவரின் மணித்தியாலம்? அக்காவுக்கு அந்தச் சம்பளம் அப்படியே போச்சு. எங்கள் அம்மா நியூமோனியாவோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அப்படித்தான் போயிருக்கிறது. நான் அதை ஒருநாளும் யோசித்ததில்லை. சராசரி மணித்தியாலம் குறைந்தால் பல், கண்ணாடி பெனிஃபிட்டும் நின்றுவிடுமாம், அவர்களுடைய கூட்டு ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது. "இரண்டு கிழமை ஆட்கள் ஆஸ்பத்திரியில இருந்தா என்ர பல்லுக்கு ஆபத்து தம்பி" என்று சிரித்தார்.

தொழிற்சங்கம் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்டேன். அக்கா சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டினார். அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே தனி வரியாக மணிக்கு 3 டொலர். அதைக் கொம்பனி கொடுக்கவில்லை, சங்கமும் பேசி வாங்கவில்லை. கோவிட் காலத்தில், 2020 ஒக்ரோபரில், மாகாண அரசு தற்காலிகமாகக் கொடுத்தது. பிறகு திரும்பத் திரும்ப நீட்டி, 2022இல்தான் சட்டம் போட்டு நிரந்தரமாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு முடிவுத் திகதிக்கும் முந்திய கிழமை அக்காவுக்கு நித்திரை இல்லை. ஆஸ்பத்திரி பிஎஸ்டபிள்யூமாருக்கு அது 2 டொலர். ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே அடிப்படை கூட, அதோடு ஹூப் என்ற ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது. வீட்டுப் பராமரிப்பில் இருக்கும் பெரும்பாலானோருக்கு அது இல்லை.

அக்கா 2013 முதல் இந்த வேலையில் இருக்கிறார். அந்த மார்கழியில் எஸ்ஈஐயு சங்கத்து வீட்டுப் பராமரிப்பு ஊழியர் ஆயிரக்கணக்கில் குளிருக்குள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்ய முடியாது, தகராறு என்றால் நடுவரிடம் போகும். இவர்கள் செய்யலாம். ஆனால் செய்தால் குளிக்காமல் இருப்பது எங்கள் அம்மா போன்றவர்கள், கொம்பனி முதலாளி அல்ல. அடுத்த வசந்தத்தில் அப்போதைய மாகாண முதல்வர் கத்லின் வின்னின் அரசு பிஎஸ்டபிள்யூ சம்பளத்தை இரண்டு வருடத்தில் 4 டொலர் கூட்டுவதாக வரவு செலவுத் திட்டத்தில் போட்டது. எதிர்க்கட்சிகள் ஆதரிக்க மறுத்து ஜூனில் தேர்தலே வந்தது. வின் வென்றார், கூட்டலும் வந்தது. 2016 ஏப்ரலில் இவர்களுடைய ஆகக் குறைந்த சம்பளம் 16.50 டொலர். அப்போது பொதுவான அடிமட்டச் சம்பளம் 11.25. 2025 ஒக்ரோபரில் அடிமட்டமே 17.60 ஆனது. கணக்கை நீங்களே போடுங்கள்.

பிறகு 2019இல் பில் 124 என்ற மாகாணச் சட்டம். மூன்று வருடத்துக்கு, வருடத்தில் 1 வீதத்துக்கு மேல் சம்பளம் கூட்டக்கூடாது. அக்காவின் கொம்பனி லாபநோக்கற்றது, அரசுக் காசில் ஓடுவது. ஆகவே சட்டம் அவரைப் பிடித்தது. லாபத்துக்கு நடத்தும் கொம்பனிகளை அது தொடவில்லை. சாமான் விலை ஏறிய அந்த வருடங்களில் 1 வீதம்! 2022 கார்த்திகையில் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 2024 மாசியில் மேல்நீதிமன்றமும் சங்கங்களின் பக்கம் நின்றது.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சங்கம் மேசையில் பேரம் பேசுவது கொம்பனியோடு. கொம்பனியிடம் இருப்பது ஒப்பந்தத்தில் எழுதிய மணித்தியால விலை. அந்த விலையைக் கூட்டுகிற ஆள் மாகாணச் சட்டசபை இருக்கும் குயின்ஸ் பார்க்கில் இருக்கிறார், மேசைக்கே வருவதில்லை. 2023 பட்ஜெட்டில் வீட்டுப் பராமரிப்புக்கு என்று அந்த வருடத்துக்கு 569 மில்லியன் டொலர், அதில் ஏறக்குறைய 300 மில்லியன் ஒப்பந்த விலையைக் கூட்ட. 2024 பட்ஜெட்டில் மூன்று வருடத்துக்கு இன்னும் 2 பில்லியன். நல்ல தொகைதான். எங்கள் கதிரைக்குப் பக்கத்தில் அதன் தடயத்தைத் தேடினேன். கொஞ்சம் தெரிந்தது. அக்காவுக்கு சம்பளம் கூடியது, பஸ் நேரத்துக்கு உள்ள கணக்கு மாறவில்லை.

ஆகவே என் புள்ளிகள் இப்படி. அக்காவுக்கு முழுப் புள்ளி. அலுவலகத்துக்குப் பாதி: போனை எடுக்கிறார்கள், அதுவரை நன்றி. ஆனால் பதில் ஆள் அனுப்பினால் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் விளங்கும் என்ற குறிப்பை ஒருதரமும் வாசித்து அனுப்பவில்லை. நேரத்துக்கு ஒன்று. அந்த ஒன்றை யார் பெயரில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

போன தையோடு அக்கா நின்றுவிட்டார். முதியோர் இல்லமொன்றில் வேலை, ஒரே கட்டிடம், பஸ் ஒருதரம்தான் ஏறவேண்டும். அம்மா இன்னும் ஒன்பது மணிக்கு மணியைப் பார்க்கிறா. இப்போது வருபவர் ஒரு பிலிப்பினோப் பெண், நல்ல கை. கதிரையை எந்தப் பக்கம் திருப்புவது என்று அம்மா இடது கையால் காட்டிக் கொடுத்தா.

புதிதாகச் சேவை எடுப்பவர்களுக்கு ஒன்று: ஒன்பதைக் கேட்காதீர்கள், ஏழரையைக் கேளுங்கள். அன்றைய முதல் வீடு நீங்கள் என்றால் ஆள் பிந்துவது குறைவு. நாங்கள் போன மாதம் மாற்றிக்கொண்டோம். எங்கள் ஒன்பது மணி இப்போது எட்டாம் மாடியில் இருக்கும் ஒரு கிழவருக்கு. லிஃப்டில் அவருடைய மகளைப் பார்த்தேன், போனில் யாரோடோ கத்திக்கொண்டிருந்தா.