ஒரு டெராபைட்டா, 15 ஜிபியா? அம்மாவின் பழைய டேப்புக்கு எந்தக் கிளவுட்

அம்மாவின் டேப்பில் இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது தைப்பூசத்துக்கு முந்தின வாரம். காவடியை வீடியோ எடுக்கிற நேரத்தில் கேமரா மக்கர் பண்ணினால் யாருக்குத்தான் கோபம் வராது? சுங்கை சிப்புட்டிலிருந்து கிள்ளானுக்கு, எனக்குப் போன். படங்களை இணையத்தில் சேமித்து வைக்கும் கிளவுட் சேவைகளில் எது நல்லது என்று, அன்று ராத்திரிக்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. ஐபேட் வைத்திருக்கும் தங்கை ஐகிளவுட் என்றாள். அண்ணன் மகன், "ஒரு டெராபைட் சும்மா கொடுக்கிறான் சித்தப்பா" என்று டெராபாக்ஸைக் கொண்டுவந்தான். நான் கூகுள் கட்சி. அம்மா மட்டும், "எதுல வேணாலும் போடுங்க, அப்பா படம் போகக் கூடாது, அவ்வளவுதான் லா" என்றார்.

அந்தப் படங்கள்தான் விஷயமே. பழைய ஆல்பம் பூஞ்சை பிடிக்கிறது என்று அம்மா ஒவ்வொரு பக்கமாக டேப்பில் படம் பிடித்து வைத்திருந்தார். ரப்பர்ப் பால் வாளியோடு ஸ்டோர் முன்னால் நிற்கும் அப்பா, இடிப்பதற்கு முந்திய லயத்து வீடு, ஆயாக்கொட்டகை வாசலில் மூக்கு ஒழுக நான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதி தாமானாக (குடியிருப்புப் பகுதியாக) மாறிவிட்ட தோட்டத்துக்கு எங்கள் வீட்டில் இருக்கும் சாட்சி அவ்வளவுதான்.

டேப் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ, எட்டு அங்குலம், 2019 மாடல். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மகளின் வீட்டுப் பாடத்துக்கு வாங்கியது. 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. ஆண்ட்ராய்டுக்கும் கூடவே வந்த செயலிகளுக்கும் போக மீதிதான் நமக்கு.

கட்சிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு சல்லடை போட வேண்டும். எத்தனை ஜிபி என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்தச் செயலி இந்த டேப்பில் ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவின் டேப் ஆண்ட்ராய்டு 9-இல் பிறந்து 11-இல் நின்றுவிட்டது. இதற்கு மேல் ஏறாது, ஆனாலும் நாங்கள் பேசிய எல்லாச் செயலிகளும் அதில் இறங்கின. பக்கத்து வீட்டு அத்தையிடம் இருப்பது அதைவிடப் பழசு, ஆண்ட்ராய்டு 4.4. கூகுள் செயலிகள் ஓடுவதற்குத் தேவையான பிளே சர்வீசஸின் ஆதரவை அந்தப் பதிப்புக்கு கூகுள் 2023-இல் நிறுத்திவிட்டது. போதாததற்கு அந்த டேப்பின் சிம் 3ஜி. மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. அத்தைக்கு நான் எந்தக் கிளவுடையும் சொல்லவில்லை. மெமரி கார்டைக் கழற்றி மகனின் மடிக்கணினியில் நகலெடுத்து வைக்கச் சொன்னேன். பிளே ஸ்டோரில் "இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று வந்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

சரி, முதலில் என் கட்சி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பானைச் சோறு அது. முன்பு ஓரளவு சுருக்கிய படங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றிய படங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பானை காலியானால் படம் ஏறாமல் போவதோடு நிற்காது, ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். பேரப்பிள்ளையின் பள்ளிக் கடிதம், கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) அறிவிப்பு எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வருகிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

அம்மாவின் கணக்கைத் திறந்தால் 15-இல் 14.6 போயிருந்தது. படங்கள் 5 ஜிபிகூட இல்லை. மிச்சத்தைத் தின்றது யார் என்று பார்த்தால், வாட்ஸ்அப் பேக்கப். அம்மாவின் போனிலும் டேப்பிலும் ஒரே கூகுள் கணக்கு. ஆண்ட்ராய்டு போனில் எடுக்கும் வாட்ஸ்அப் பேக்கப் ஒரு காலத்தில் இந்தக் கணக்கில் சேராமல் இருந்தது; 2024-இலிருந்து சேருகிறது. ஆக, ரோஜாப்பூவின் மேல் "இனிய காலை வணக்கம்" என்று எழுதிய படங்களும், யாரோ அனுப்பிய மூலிகை வைத்திய வீடியோக்களும் அப்பாவின் படத்துக்கு இடம் விடாமல் காலை நீட்டிப் படுத்திருந்தன. போனில் வாட்ஸ்அப் அமைப்புக்குள் போய், சாட் பேக்கப்பில் வீடியோக்களைச் சேர்ப்பதை அணைத்தேன். அடுத்த பேக்கப் முடிந்ததும் 5 ஜிபிக்கு மேல் திரும்பி வந்தது. ஒரு சென் செலவில்லை. மூன்று கட்சிகளின் சண்டையில் பாதி இதிலேயே தீர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

போட்டோஸில் தரத்தை "ஸ்டோரேஜ் சேவர்" என்று வைத்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தைக் குறைக்கும், வீடியோவை 1080 அளவுக்கு இறக்கும். இந்த டேப்பின் கேமராவே 8 மெகாபிக்சல். குறைக்க அங்கே என்ன இருக்கிறது? லேசாக அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். பழைய டேப்பில் அதைத் தயங்காமல் போடலாம்.

அடுத்து டெராபாக்ஸ். 1024 ஜிபி இலவசம் என்பது உண்மைதான், தில்லுமுல்லு இல்லை. அதை விளம்பரங்களாலும் கட்டணத் திட்டத்தாலும் ஈடுகட்டுகிறார்கள். ஆனால் 2 ஜிபி ராம் உள்ள டேப்பில் விளம்பரம் ஓடும் எந்தச் செயலியும் நத்தைதான். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. வீட்டில் மொத்தம் இருப்பதே சில ஜிபி படங்கள். அதற்கு ஒரு டெராபைட் என்பது ஒரு கோழி வளர்க்க தோட்டத்தின் ஒரு டிவிஷனையே குத்தகைக்கு எடுப்பது மாதிரி. அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். "சும்மாதானே சித்தப்பா" என்றான். சும்மாதான். படம் சிரமமில்லாமல் போய்ச் சேரும், பத்து வருடம் கழித்துத் திரும்ப எடுக்கும்போது விதிமுறை எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. அவன் தன் சினிமாக் கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளட்டும். அப்பா படத்தை வேண்டாம் என்றேன்.

மெகா என்ற இன்னொரு கிளவுட் நடுவில் நிற்கிறது. 20 ஜிபி, எண்ணிக்கையில் கூகுளைவிட அதிகம். கோப்புகளைப் பூட்டி வைக்கும் சாவி நம்மிடம்தான் இருக்கும், நிறுவனமே திறந்து பார்க்க முடியாது. நிலக் கெரான் (நிலப் பட்டா), அடையாளக் கார்டு நகல் போன்றவற்றுக்கு எனக்கு அது பிடிக்கிறது. அதன் மறுபக்கம், கடவுச்சொல்லும் மறந்து, மீட்புச் சாவியும் தொலைந்தால் உள்ளே இருப்பது போனது போனதுதான். யாரிடமும் போய்க் கெஞ்ச முடியாது. மூக்குக் கண்ணாடியை வாரம் இரண்டு முறை தேடும் அம்மாவுக்கு இது சரிப்படாது. எனக்குச் சரி.

ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கை 2019-இலிருந்து மூன்று சாதனங்களில்தான் இணைக்க முடிகிறது. வீட்டில் யாராவது மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் அல்லது ஃபேமிலி திட்டத்துக்கு ஏற்கெனவே காசு கட்டினால் ஒன்டிரைவில் ஒரு டெராபைட் கூடவே வரும். அப்போது கதை வேறு. கட்டவில்லையென்றால் இந்த இரண்டையும் தாண்டிப் போய்விடலாம்.

தங்கையின் ஐகிளவுட் வாதத்துக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டும். அவளுடைய ஐபேட் ஏர் 2, 2014-இல் வந்தது, ஐபேட்ஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டது. ஆனாலும் ஐகிளவுட் அதில் பிறவிக்குணம் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. தனிச் செயலி எதையும் இறக்க வேண்டியதில்லை. மற்றச் செயலிகளுக்கும் ஆப் ஸ்டோர் சில நேரம் "உங்கள் ஐபேடுக்குப் பொருந்திய கடைசிப் பதிப்பு" என்று பழையதை எடுத்துக் கொடுக்கும். பழைய டேப் ஐபேடாக இருந்தால் நானும் ஐகிளவுட் என்றுதான் சொல்லுவேன். இலவசம் 5 ஜிபிதான் என்பதால் சீக்கிரம் காசு கட்ட வேண்டிவரும், அது வேறு. ஆனால் ஆண்ட்ராய்டுக்கு ஐகிளவுட் செயலியே கிடையாது, உலாவி வழியாகத்தான் போக வேண்டும். அம்மா படம் எடுத்ததும் தானாக மேலே போக வேண்டும் என்ற ஒரே தேவைக்கு அது உதவாது. தங்கை இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது.

இனி லைன், அதாவது இணைய இணைப்பு. எங்கள் ஊரின் பெயரிலேயே சிப்புட் இருக்கிறது, மலாயில் நத்தை. லிந்தாங் சாலைப் பக்கம் உள்ளே போகப் போக இணையமும் ஊர்ப் பெயருக்கு ஏற்ற மாதிரியே நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏற்றும் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் 10 ஜிபி மேலே போக 11 மணி நேரம் பிடிக்கும், அதுவும் ஒரு தடவைகூட அறுந்து போகாமல் இருந்தால். முதல் தடவை ஏற்றுவதை அம்மா வீட்டில் செய்யவே வேண்டாம் என்று டேப்பைக் கிள்ளானுக்கு எடுத்துவந்து, ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டேன். அந்த வசதி இல்லாதவர்கள், பக்கத்தில் அரசாங்கத்தின் நாடி இணைய மையம் இருந்தால் அங்கே கொண்டு போகலாம். அதற்குப் பிறகு நாளுக்கு நாலு படம் என்றால் எந்த லைனும் தாங்கும்.

ஒரு பொறி இருக்கிறது. "வைஃபையில் மட்டும் ஏற்று" என்று வைத்தால் டேட்டா பத்திரம் என்று நினைத்திருந்தேன். போனின் ஹாட்ஸ்பாட்டையும் டேப் வைஃபை என்றுதான் எடுத்துக்கொள்கிறது. டாப் அப் போட்ட டேட்டா ஒரே மாலையில் காலி. வைஃபை பட்டியலில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு, அதை "மீட்டர்ட்" (டேட்டா அளவு பார்த்துப் பயன்படுத்த வேண்டிய இணைப்பு) என்று மாற்றிவிடுங்கள்.

எல்லாம் ஏறிய பிறகுதான் பெரிய அதிர்ச்சி. டேப்பில் இடம் பண்ணலாம் என்று அம்மா போட்டோஸ் செயலிக்குள் போய், ஆல்பப் படங்களில் நாற்பதை ஒவ்வொன்றாக அழித்துவிட்டார். "அதான் மேல இருக்குல்ல?" இல்லை. கிளவுட் இரும்புப் பெட்டி மாதிரி அல்ல, கண்ணாடி மாதிரி: இந்தப் பக்கம் கை எடுத்தால் அந்தப் பக்கமும் எடுக்கும். போட்டோஸில் அழித்தால் டேப்பிலும் போகும், கிளவுடிலும் போகும். டேப்பில் மட்டும் காலியாக்க வேண்டும் என்றால் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்ற பொத்தான் இருக்கிறது, ஏற்கெனவே மேலே போய்ச் சேர்ந்தவற்றை மட்டும் டேப்பிலிருந்து நீக்கும். நல்லவேளை, மேலே ஏறிய படத்தை அழித்தாலும் கூகுள் அதைக் குப்பைத் தொட்டியில் 60 நாள் வைத்திருக்கும். நான் போய்ப் பார்த்தது நாற்பத்து மூன்றாம் நாள். பால் வாளியோடு அப்பா அந்தத் தொட்டியில் நின்றுகொண்டிருந்தார். ஐகிளவுட், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாவற்றிலும் பொதுவாக 30 நாள்தான். என் கட்சி ஜெயித்தது அன்றைக்கு என்று சொல்லிக்கொள்கிறேன், தங்கை ஒப்புக்கொள்ளவில்லை.

இதனால்தான் மெமரி கார்டையும் போட்டியில் சேர்த்தேன். இந்த டேப் 512 ஜிபி வரை கார்டு ஏற்கும். நாங்கள் போட்டது 64. கேமராவில் சேமிக்கும் இடத்தைக் கார்டுக்கு மாற்றினோம், எச்சரிக்கை மறைந்தது. மாதக் கட்டணம் இல்லை, லைன் தேவையில்லை. ஆனால் கார்டு சாகும்போது சொல்லிவிட்டுச் சாவதில்லை, டேப் தொலைந்தால் கூடவே போகும். இணையக் கடைகளில் "2 டிபி" என்று அடிமாட்டு விலைக்கு விற்கும் கார்டுகளைத் தொடாதீர்கள். முதல் சில ஜிபிக்குப் பிறகு எழுதியதெல்லாம் எங்கே போனது என்றே தெரியாது. ஊர்க் கடையில், திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் இருக்கும் இடத்தில் வாங்குங்கள்.

மகளின் பள்ளிக் கணக்கு இந்த டேப்பிலேயே இன்னும் இருந்தது. டெலிமா கணக்கில் இடம் இருக்கிறதே என்று சில படங்களை நானே அதில் போட்டிருந்தேன். முட்டாள்தனம். அது பள்ளிப் படிப்புக்கான கணக்கு, குடும்பச் சொத்து அல்ல. படங்களை எடுத்துவிட்டுக் கணக்கை டேப்பிலிருந்து நீக்கினேன்.

கடைசியில் சாவி. அம்மாவின் கூகுள் கணக்கு ஒரு பழைய ப்ரீபெய்ட் எண்ணில் கட்டியிருந்தது. டாப் அப் போடாமல் அந்த எண் செத்து, பிறகு யாரோ வேறொருவருக்குப் போய்விட்டது. கடவுச்சொல் மாற்றப் போனால் குறியீடு அந்த முகம் தெரியாதவருக்குப் போகிறது! போனில் கணக்கு திறந்தே இருந்ததால் தப்பித்தோம். மீட்பு எண்ணை என்னுடையதாக மாற்றி, கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதினேன். இரண்டு வருடம் தொடாமலே கிடந்தால் கூகுள் கணக்கை அழிக்கலாம் என்று விதி இருக்கிறது; அம்மா தினமும் காணொளி பார்ப்பதால் அந்தக் கவலை இல்லை.

இப்போது இருக்கும் ஏற்பாடு: படங்கள் கூகுளில், அதே படங்கள் கார்டில், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில். கணக்கில் 9 ஜிபி போயிருக்கிறது. 13-ஐத் தொட்டால் 100 ஜிபி திட்டத்தை நான் எடுத்துக் குடும்பக் குழுவில் பகிர்ந்துவிடுவேன். என்னையும் சேர்த்து ஆறு பேர் பயன்படுத்தலாம். குறியீட்டுத் தாள் மைலோ டின்னுக்குள், கெரானுக்கும் பிறப்புப் பத்திரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் மேல் அம்மா பென்சிலில் "அப்பா படம்" என்று எழுதியிருக்கிறார்.