ரிச்சி தெருவில் வாங்கிய மூன்று டிஸ்குகள்: ஓராண்டுக்குப் பிறகு

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மடிக்கணினிக்குப் பத்து வயது ஆகிறது. பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லித்தரும் என் மனைவி, காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கி, டிகாக்ஷன் இறங்கி, காபி கலந்து முடிக்கும் நேரத்தில்தான் திரையில் ஐகான்கள் வந்து நிற்கும். புதுக் கணினி வாங்கும் பேச்சு எழுந்தபோது, உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) பொருத்தினாலே போதும் என்று நான் தடுத்தேன். அதே வாரத்தில், பதினாறு ஆண்டுக் குடும்பப் படங்கள் அடங்கிய வெளி ஹார்டு டிஸ்க் 'டிக், டிக்' என்று ஓசை எழுப்பத் தொடங்கியது. இரண்டு வாங்கலாம் என்று கிளம்பியவன் மூன்றோடு திரும்பினேன். அவற்றை ஓராண்டு பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்பீடு இது.

முதலில் தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். இருசக்கர வண்டியில் போய் நிறுத்த இடம் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். ரிச்சி தெரு என்று ஒரே பெயரில் சொன்னாலும், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளையும் சேர்த்ததுதான் அந்தச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை போனால் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். வார நாளில் முற்பகல் பதினொரு மணி அளவில் போவதே நல்லது. கடைக்காரருக்கும் பதில் சொல்லும் பொறுமை அப்போதுதான் இருக்கிறது.

நான் நுழைந்த முதல் கடையில், மேசைக் கணினிக்கான ஹார்டு டிஸ்க் ஒன்றை 'புதுசு' என்று மிகக் குறைந்த விலைக்குக் காட்டினார்கள். பெட்டி இல்லை, வெறும் பாலித்தீன் உறை மட்டும் இருந்தது. கடையின் கணினியிலேயே இணைத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கச் சொன்னேன். அந்த டிஸ்க் அதுவரை ஓடிய நேரம் 11,000 மணிக்கும் மேல் என்று காட்டியது. "அது டெஸ்டிங்ல ஓடினது சார்" என்றார் கடைப் பையன். 11,000 மணி நேரம் என்பது இரவு பகலாக ஓராண்டும் மூன்று மாதமும். அத்தனை பொறுப்பான சோதனைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தேன். தெருவில் எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அடுத்த கடையில் முத்திரை பிரிக்காத பெட்டிகளைக் கொடுத்து, வரிசை எண்ணை அச்சிட்ட பில்லோடு அனுப்பினார்கள். பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைப்பதாகவும் சொன்னார்கள்தான். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்கும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் பில் இல்லாத டிஸ்குக்கு வாரண்டி கேட்டு எங்கே போய் நிற்பது?

இனி எஸ்.எஸ்.டி. நான் வாங்கியது சாம்சங் 870 ஈவோ, 500 ஜி.பி. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியதோ சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வடிவத்தில், என்.வி.எம்.ஈ. என்ற வேகமான இணைப்பு கொண்ட டிஸ்க். நொடிக்கு 3,500 எம்.பி. படிக்கும் வேகம் பெட்டியிலேயே பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. எங்கள் மடிக்கணினியில் அதைச் செருக இடமே இல்லை, சாட்டா என்ற பழைய வகை இணைப்பு கொண்ட 2.5 அங்குல டிஸ்குக்கான இடம் மட்டுமே உண்டு. எம்.2 துளை இருக்கும் கணினிகளிலும்கூட, சில பழைய மாடல்களில் அந்தத் துளை சாட்டா வகையை மட்டுமே ஏற்கும், என்.வி.எம்.ஈ.யை ஏற்காது. இரண்டும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று ஒரே அளவில் வருவதால் கண்ணால் பார்த்து ஏமாறுவது எளிது. கடைக்குக் கிளம்பும் முன் மடிக்கணினியின் மாடல் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போவது, திரும்பவும் ஒருமுறை அலைவதைத் தவிர்க்கும்.

சாட்டா இணைப்பின் உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 560 எம்.பி. என்.வி.எம்.ஈ.யோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் பழைய கணினி நொண்டுவதற்குக் காரணம் வேறு. விண்டோஸ் விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை டிஸ்கின் இங்கும் அங்குமிருந்து தேடி எடுக்கிறது; நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில் ஒவ்வொரு தேடலுக்கும் ஊசிமுனை நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லாததால் அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது கிடைக்கும் மாற்றத்தை வீட்டில் எல்லாரும் உணர்வார்கள், அங்கிருந்து என்.வி.எம்.ஈ.க்கு மாறுவதைப் பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள். மாற்றிய மறுநாள் காலை, பால் சூடாவதற்குள் கணினி தயாராக இருந்தது.

அதே கடையில் இதைவிட மலிவான எஸ்.எஸ்.டி.க்களும் இருந்தன. விலை வேறுபாட்டுக்கு முக்கியமான காரணம், உள்ளே இருக்கும் நினைவகச் செல்களின் வகை. ஈவோவில் ஒரு செல்லுக்கு மூன்று பிட் சேமிக்கும் டி.எல்.சி.; அதே நிறுவனத்தின் 870 க்யூ.வி.ஓ.வில் நான்கு பிட் சேமிக்கும் க்யூ.எல்.சி. செல்லுக்குள் அதிகம் திணிக்கத் திணிக்க விலை குறையும், ஆனால் எழுதித் தாங்கும் திறனும் குறையும். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி நிரம்பியதும் வேகமும் சரியும். 1 டி.பி. (1,000 ஜி.பி.) அளவில் ஈவோவுக்கு 600 டி.பி. எழுத்து வரம்பும் (வாரண்டிக்குள் மொத்தமாக எழுதக்கூடிய அளவு) ஐந்தாண்டு வாரண்டியும், க்யூ.வி.ஓ.வுக்கு 360 டி.பி.யும் மூன்றாண்டும் தரப்படுகின்றன. என்னுடைய 500 ஜி.பி.க்கு வரம்பு 300 டி.பி. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால், மொத்தம் எழுதப்பட்டது 6 டி.பி.தான். இந்தக் கணக்கில் அதைத் தேய்க்க ஐம்பது ஆண்டு வேண்டும். ஆகவே எழுத்து வரம்பு என்ற ஒன்றை நினைத்து வீட்டு உபயோகத்துக்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. நான் ஈவோவை எடுத்தது வாரண்டிக்காகத்தான்.

1 டி.பி. வாங்காமல் பாதியோடு நின்றதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் நிபந்தனை. எங்களுடையது ஐந்தாம் தலைமுறை. இன்னும் சில ஆண்டுகளே ஓடப்போகும் கணினிக்குள் அதிகப் பணத்தைப் புதைப்பதில் பொருளில்லை. கணினி ஓய்ந்தாலும் இந்த எஸ்.எஸ்.டி.யை ஒரு யு.எஸ்.பி. கூட்டில் போட்டுப் பயன்படுத்தலாம். பழைய டிஸ்கை அப்படியே நகலெடுக்க சாம்சங் தன் டிஸ்க் வாங்கியவர்களுக்கு இலவச மென்பொருள் தருகிறது. அதோடு சாட்டாவை யு.எஸ்.பி.யில் இணைக்கும் கேபிள் ஒன்று மட்டும் தேவைப்பட்டது. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி, இரவுச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது.

படங்களின் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. ஓசை எழுப்பிய பழைய டிஸ்கிலிருந்து முதலில் திருமணம், குழந்தைகளின் முதல் பிறந்தநாள், மறைந்த என் அப்பாவின் படங்கள் என்ற வரிசையில் எடுத்தேன். எப்போது நின்றுவிடும் என்று தெரியாத டிஸ்கில் அகர வரிசைப்படி நகலெடுப்பது மடமை. ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டன. 2011 கோடை விடுமுறையில் எடுத்தவற்றில் பாதி மட்டும் வரவில்லை.

இந்த 410 ஜி.பி. படங்களுக்கு மாற்று இடம் எது? 'எஸ்.எஸ்.டி.தான் நகரும் பாகம் இல்லாதது, அதுவே பாதுகாப்பு' என்று கடையில் சொன்னார்கள். கீழே விழுந்தால் உடையாது என்ற அளவில் அது உண்மை. ஆனால் எஸ்.எஸ்.டி. தரவை மின்னூட்டமாகச் சேமிக்கிறது. மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால், அதிலும் வெப்பத்தில் கிடந்தால், அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுத்து வரம்பு முழுவதும் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே மின்னணுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவு. புதிய டிஸ்க் அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்பது சரிதான். ஆனாலும் சென்னையின் மே மாதத்தில், பரணுக்கு அருகில் இருக்கும் அலமாரியில், ஆண்டுக்கு இருமுறை மட்டும் எடுத்துப் பார்க்கும் பெட்டகத்துக்கு நான் ஹார்டு டிஸ்கையே நம்புவேன். அதே பணத்தில் இரண்டு ஹார்டு டிஸ்குகளும் கிடைக்கின்றன.

அந்த இரண்டில்தான் விஷயமே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் மைத்துனர் வீட்டின் தரைத்தளம் மூழ்கியபோது, திருமண ஆல்பமும், அந்த ஆல்பத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருந்த டிஸ்கும் ஒரே பீரோவின் ஒரே கீழ்த்தட்டில் இருந்தன. நகல் எடுத்திருந்தார், நகலுக்கு வேறு முகவரி கொடுக்கவில்லை. எனவே நான் 2 டி.பி. கொண்ட வெளி ஹார்டு டிஸ்குகள் இரண்டு வாங்கினேன், ஒன்று சீகேட், மற்றொன்று வெஸ்டர்ன் டிஜிட்டல். பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், இன்று உலகில் ஹார்டு டிஸ்க் தயாரிப்பவை இந்த இரண்டோடு தோஷிபாவும் சேர்ந்து மூன்றே நிறுவனங்கள்தான். எது உயர்ந்தது என்ற வாக்குவாதத்தில் எனக்கு நாட்டமில்லை. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரட்டையரை வாங்கினால் இரண்டும் ஒரே குறையோடு இருக்கக்கூடும் என்பதால்தான் பிரித்து வாங்கினேன்.

இவற்றின் குறை என்று சொன்னால், எழுதும் வேகம். இந்த அளவுச் சிறிய வெளி டிஸ்குகள் பலவற்றில், கூரை ஓடுபோலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று பாதி மூடி எழுதும் எஸ்.எம்.ஆர். முறை இருக்கிறது. தொடக்கத்தில் நொடிக்கு நூறு எம்.பி.க்கு மேல் ஓடிய நகல், வாட்ஸ்அப் படங்களின் கோப்புறையை அடைந்ததும் இருபதுக்குச் சரிந்தது. ஒரு டிஸ்க் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. டெராகாபி மென்பொருளைக் கொண்டு, எழுதியது சரியாக விழுந்ததா என்று சரிபார்க்க இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆண்டுக்கு இருமுறை செய்யும் வேலைக்கு இது பெரிய தொல்லை ஆகாது. 2 டி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 1.81 என்று தெரிவதைப் பார்த்து என் மகன் கடைக்காரரைச் சந்தேகித்தான். தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-களில் எண்ணுகிறது, அவ்வளவுதான். இணையத்தில் சொற்ப விலைக்கு '16 டி.பி. எஸ்.எஸ்.டி.' என்று விற்பவை வேறு இனம். அவற்றுள் பெரும்பாலும் ஒரு சிறு மெமரி கார்டுதான் இருக்கும், நிரம்பிய பிறகு பழைய படங்களின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். எந்தப் புது டிஸ்கையும் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற மென்பொருளால் ஒருமுறை முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டே படங்களை ஒப்படைக்க வேண்டும்.

கைபேசியில் எடுப்பவை கூகுள் போட்டோஸுக்கும் போகின்றன. 2021 ஜூன் 1 முதல் அங்கே வரம்பற்ற இலவச இடம் கிடையாது, 15 ஜி.பி.க்கு மேல் கட்டணம். அதை நான் மூன்றாவது நகலாகவே வைத்திருக்கிறேன். கைபேசியில் தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழிந்து, 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடந்து, பிறகு போய்விடும் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு டிஸ்க் இங்கே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலமாரியில் இருக்கிறது. இன்னொன்று திருச்சியில் அக்கா வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கும் வேப்பிலைக்கும் நடுவில் இருக்கிறது. அவள் வீட்டுப் படங்கள் அடங்கிய டிஸ்க் எங்களிடம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யார் ஊருக்குப் போனாலும், துண்டில் சுற்றிய டிஸ்க் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கைப்பையோடு போய்வருகிறது. சென்ற பொங்கலுக்கு நான் கொண்டுபோக மறந்துவிட்டேன். "உன் டப்பா ரெண்டு புடவை இடத்த அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, அடுத்த தடவையாவது ஞாபகமா வந்து எடுத்துட்டுப் போடா" என்று அக்கா போனில் சொல்லியிருக்கிறாள்; புடவை வாங்கவா, படம் சேர்க்கவா என்று இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.