இக்கிட்டோஸுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

பெரு நாட்டின் இக்கிட்டோஸ் பக்கம், அமேசான் காட்டுக்குள், அயாவாஸ்கா என்ற மனமயக்கம் தரும் கொடிக் கஷாயத்தைச் சடங்காகக் குடிக்கும் முகாமுக்குப் போக யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், ஒரு நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நான் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக்கூடாது.

பணம் கட்டிய மறுநாளே, எடுத்துவர வேண்டிய பொருட்களின் பட்டியல் வந்தது. வெள்ளை உடை ஐந்து ஜோடி, யோகா பாய், எழுத நோட்டு, ஊர்க் குழந்தைகளுக்குப் பரிசு, சளி இருமல் மருந்து. கொசுவலை, ரப்பர் பூட்ஸ், குடிதண்ணீர் மூன்றும் அங்கேயே தருவோம் என்றார்கள். நம்பினேன்.

இக்கிட்டோஸுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. லீமாவிலிருந்து விமானத்தில் போகவேண்டும், இல்லையென்றால் நாள்கணக்கில் ஆற்றுப் பயணம். முகாமோ அங்கிருந்தும் படகில் இரண்டு மணி நேரம் தள்ளி. விட்டுவிட்டு வந்ததை ஓடிப்போய் வாங்கிவர வழியே இல்லை. பதினொரு பேருக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் இருந்தது. வலையில் கை நுழைகிற ஓட்டைகள். மலேரியா உள்ள காடு அது. தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு, ஊர் விலையைப் போல மூன்று மடங்கு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு.

மனச்சோர்வுக்காக நான் இரண்டு வருஷமாக ஃப்ளுவாக்ஸிடின் சாப்பிடுகிறேன். அத்தனை நீளப் பட்டியல் அனுப்பியவர்கள், "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒரு வரி கேட்கவில்லை. முதல் சடங்கு நடக்கவிருந்த நாள் மத்தியானம், நான் மாத்திரை போடுவதைப் பார்த்துக் கூட வந்திருந்த ஒரு நர்ஸ் பதறிவிட்டார். அயாவாஸ்கா கொடியில் உள்ள ஹார்மின் போன்ற பொருட்கள், உடம்பில் செரோட்டோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. என் மாத்திரையும் செரோட்டோனினைக் கூட்டுவதுதான். இரண்டும் சேர்ந்தால் கடும் காய்ச்சல், நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் இதே வகை ஆபத்து. அந்த மருந்தைத்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள்!

நிர்வாகியிடம் போய்ச் சொன்னேன். "இன்றைக்கு மாத்திரை போடாதே, கஷாயம் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும்" என்றார். ஃப்ளுவாக்ஸிடின் உடம்பை விட்டுப் போக ஐந்து வாரம்கூட ஆகும். முகாமில் டாக்டரும் இல்லை, அவசரத்துக்கு ஒரு படகும் நிற்கவில்லை. நான் குடிக்கவில்லை. மறுநாள் கைக்காசு போட்டுப் படகு பிடித்துத் திரும்பினேன். கட்டிய 900 டாலரில் ஒரு டாலர்கூட வரவில்லை.

அந்தக் காட்டு மக்களின் வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. 2008-ல் பெரு அரசே அதைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. அதை வைத்துக் கடை போடுகிறவர்கள்மேல்தான் என் கோபம்.

போகத்தான் வேண்டுமென்றால், பணம் கட்டும் முன்பே உங்கள் மாத்திரைகளின் பெயரை முகாமுக்கு எழுதி, பதிலை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கஷாயத்தில் தோயே சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் வேலியோரம் மணிமணியாகத் தொங்குமே, ஊமத்தைக்கு உறவான அந்தப் பூச்செடிதான் தோயே. அது கடும் விஷம்.

பூட்ஸை இக்கிட்டோஸின் பெலேன் சந்தையிலேயே, படகேறும் முன் வாங்கிவிடுங்கள். கொசுவலை, தலையில் மாட்டும் டார்ச், தண்ணீர் புகாத பை, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. நானாகத் தேடித் தெரிந்துகொண்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். புறப்படப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்று அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். அட்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள், பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள்.