நேப்பியரா, வேலிமசாலா? ஊரில் ஆடு வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு தீவன அலசல்

சிங்கப்பூர்த் தேக்காவில் ஞாயிறு மாலை நாலு ஊர்க்காரர்கள் கூடினால், ஒருவராவது மிச்சம் பிடித்த வெள்ளியை ஊரில் செம்மறியில் போட்டிருப்பார். கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, “அண்ணே, இந்த நேப்பியர் மட்டும் போட்டா போதுமாமே?” என்பார். காணொளியில் புல்லின் உயரம் தெரியும். ஆட்டு வயிற்றுக்குள் அது என்ன ஆகிறது என்பது தெரியாது.

செம்மறிக்கு நாரைச் செரிக்கும் நொதி கிடையாது. நான்கு அறை கொண்ட அதன் வயிற்றில் முதல் அறையான அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் போன்றவை நாரை உடைக்க, அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள் கிடைக்கின்றன. ஆட்டுக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இவற்றிலிருந்தே வருகிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே கீழே இறங்கிச் செரிக்கப்பட்டு ஆட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே எந்தத் தீவனத்தைப் பற்றிக் கேட்டாலும், அது நுண்ணுயிருக்கு என்ன கொடுக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை விளைச்சலில் யாரும் அடிக்க முடியாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-5 ரகம் எக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் தரும். ஆனால் அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர். 45 நாளுக்கு ஒரு முறை அறுக்காமல் முற்றவிட்டால் புரதம் இறங்கி, தண்டை மரம்போல் விறைப்பாக்கும் லிக்னின் ஏறும். லிக்னின் போர்த்திய நாரை நுண்ணுயிரால் எளிதில் நெருங்க முடியாது. மாடு தண்டையும் சேர்த்து மெல்லும். செம்மறியோ இலையைப் பொறுக்கிவிட்டுத் தண்டை ஒதுக்கும். இந்தப் புல்லில் ஆக்சலேட்டும் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை உடைக்க ஆக்சலோபாக்டர் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. 1985இல் அதற்கு முறையாகப் பெயரிட்டபோது மாதிரியாக வைத்த வகை, செம்மறியின் வயிற்றிலிருந்து எடுத்ததுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் அது வயிற்றில் பெருகிக்கொள்ளும். பசியோடு கிடந்த ஆட்டுக்கு ஆக்சலேட் மிகுந்த தீவனத்தைத் திடீரென்று கொட்டினால் ஆபத்து.

பயறுவகைத் தீவனங்களில் குதிரைமசாலுக்குத்தான் பேர் அதிகம். புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வரும். சீக்கிரம் உடைந்து வயிற்றைக் காலி செய்வதால் ஆடு கூடுதலாகவும் தின்னும். ஆனால் அந்த வேகமே அதன் குறையும்கூட. புரதம் சட்டென்று அமோனியாவாகி, நுண்ணுயிர் பிடித்துக்கொள்ளும் முன் இரத்தத்தில் கலந்து, யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். இளம் குதிரைமசாலை வெறும் வயிற்றில் தின்றால் நுரை கட்டி வயிறு உப்பவும் வாய்ப்புண்டு. மாட்டைவிடச் செம்மறிக்கு அது குறைவு, அவ்வளவுதான். இன்னொரு பயறுவகையான வேலிமசாலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது புரதத்தைக் கட்டிப்பிடித்து, அசையூண் வயிற்றைத் தாண்டி, அமிலம் மிகுந்த நான்காம் வயிற்றில் விடுவிக்கிறது. உப்புசமும் வருவதில்லை. நல்ல தண்ணீர் இல்லாத காட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு வேலிமசாலைத்தான் சொல்வேன்.

வைக்கோலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தீவனத்தில் 7 சதவீதப் புரதமாவது இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும்; வைக்கோலில் அதில் பாதிதான். வயிறு நிறைந்திருக்கும், ஆடு மெலியும். கோடைக்குப் பூஞ்சை பிடிக்காத கடலைக்கொடி நூறு மடங்கு மேல்.

சவுண்டல் (சூபாபுல்) மரத்தழையின் கதை வேறு. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு செம்மறியின் ரோமத்தையே உதிர்த்துவிடும்; கத்தரிக்கோல் இல்லாமல் ரோமம் எடுக்க அதைப் பயன்படுத்தலாமா என்று ஆஸ்திரேலியாவில் சோதித்தும் பார்த்தார்கள். அங்கே சவுண்டல் தின்ற கால்நடைகள் நோயுற, ஹவாயில் வெள்ளாடுகள் அதையே தின்று நன்றாக இருந்தன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் 1980களின் தொடக்கத்தில் ஹவாய் வெள்ளாட்டின் வயிற்று நுண்ணுயிரைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொடுத்தார்; நச்சு ஓய்ந்தது. 1992இல் அந்த பாக்டீரியாவுக்குச் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஒரே தழை, ஓர் ஊரில் விஷம், இன்னோர் ஊரில் உணவு. நம் பக்கத்து ஆடுகள் பெரும்பாலும் சமாளிக்கின்றன என்றாலும், மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் மாற்றத்தை இரண்டு வாரமாவது இழுத்துச் செய்யச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் கப்பலேற்றும் செம்மறிகளைக்கூட முன்னதாகவே ஒரு வளாகத்தில் வைத்துக் குச்சித் தீவனத்துக்குப் பழக்குகிறார்கள். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை ஆட்டுக்குக் கொட்டும் வழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மாவுச்சத்து லாக்டிக் அமிலமாகி, நார் உடைக்கும் கூட்டத்தை அழித்து, சில வேளை ஆட்டையும் கொண்டுபோய்விடும்.

அரை ஏக்கரும் கிணறும் இருந்தால் என் கணக்கு இதுதான்: மூன்று வரிசை கோ-5, ஒரு வரிசை வேலிமசால். சேர்த்தே அறுக்கலாம், சேர்த்தே போடலாம். புல்லின் சக்தியும் பயறின் புரதமும் ஒரே நேரத்தில் நுண்ணுயிருக்குக் கிடைக்கும். நேப்பியர் தண்டை நறுக்க இயந்திரம் வேண்டும். ஊரில் அதை ஓட்டப்போவது வயதான அம்மாதான் என்றால், வேலிமசாலை இரண்டு வரிசையாக்கிவிடுங்கள். கட்டாகக் கட்டித் தொங்கவிட்டாலே ஆடு இலையை உருவிக்கொள்ளும்.