மாயவரத்துல ஃபார்ம் போட்ட கதை: 647 நம்பரும் நோட்பேட் ஃபைலும்

இந்தத் தடவை டொரான்டோலேர்ந்து ஊருக்குப் போனப்போ பெரும்பாலான வேலை சுலபமா முடிஞ்சுது, அதை முதல்லயே சொல்லிடுறேன். பூக்காரம்மாகிட்ட கூட க்யூஆர் அட்டை இருக்கு. 2023 ஜனவரியில கனடா உட்பட பத்து நாட்டு நம்பரை என்ஆர்இ, என்ஆர்ஓ அக்கவுன்ட்டோட (வெளிநாட்டுல இருக்குற நம்மாளுங்க இந்தியாவுல வெச்சிருக்குற பேங்க் அக்கவுன்ட்) சேர்த்து யூபிஐக்கு அனுமதிச்சாங்க, நம்ம பேங்க் சப்போர்ட் பண்ணினா டொரான்டோ நம்பர்லயே காசு கட்டலாம். மாட்டிக்கிட்டது அப்பா பேர்ல இருந்த வீட்டு வரியை அம்மா பேருக்கு மாத்தப் போனப்போதான். ஆன்லைன்லயே போடலாம்னாங்க. எந்தத் தளம்னு பேரு வேண்டாம். எனக்குப் பொழப்பே வெப் ஃபார்ம் எழுதுறதுதான், அதனால கோவம் கொஞ்சம் கூடவே வந்துச்சு.

முதல் பக்கத்துல மொபைல் நம்பர். வீட்டுக்காரர் நம்பர் 416-ல ஆரம்பிக்கும், போட்டதும் சிவப்புல 'தவறான எண்'. என்னோடது 647. அதுக்குப் பச்சை டிக்! இந்திய மொபைல் நம்பர்னா பத்து இலக்கம், முதல் இலக்கம் 6-லேர்ந்து 9-க்குள்ள, அந்த ரீஜெக்ஸ் (அடிச்சது சொன்ன வடிவத்துல இருக்கான்னு பார்க்குற விதி) பார்க்குறது அவ்ளோதான், டொரான்டோ நம்பரும் பத்து இலக்கம், 6-ல ஆரம்பிக்குது, பாஸ். ஓடிபி +91 ஒட்டிக்கிட்டு இந்தியாவுல யாரோ ஒருத்தர் போனுக்குப் போயிருக்கும், இல்ல எங்கயும் போயிருக்காது. வடிவம் சரியா இருக்குங்கறதும் நம்பர் நம்மளோடதுங்கறதும் வேற வேற விஷயம், நாட்டுக் குறியீட்டுக்குத் தனியா ஒரு கட்டம் வெச்சிருந்தா இந்தக் கூத்தே இல்ல. சிங்கப்பூர்ல இருக்குற தங்கச்சிக்கு நேர்மாறு, அவ நம்பர் எட்டே இலக்கம், உள்ளயே விடாது, ஆனா அங்க பின்கோடு நம்ம மாதிரியே ஆறு இலக்கம், ஜம்முனு போயிடும். கனடா கோடுல எழுத்தும் எண்ணும் மாறி மாறி வருமா, எழுத்தை அடிச்சா கட்டத்துல ஒண்ணுமே விழலை, ஏன்னு ஒரு வரி மெசேஜும் இல்ல. கடைசியில அண்ணன் நம்பரையும் 609001-ஐயும் போட்டுட்டு நகர்ந்தேன்.

அடுத்தது பேரு. லாஸ்ட் நேம் கட்டாயமாம், எங்கம்மாவுக்கு ஏது லாஸ்ட் நேம்? இனிஷியல் போடலாம்னா புள்ளியை ஏத்துக்கல. கீழ 'பெயர் தமிழில்'னு இன்னொரு கட்டம், அங்கதான் வேடிக்கையே. கமலான்னு அடிச்சா 'எழுத்துகள் மட்டும்'னு திட்டுது. கமலன்னு துணைக்கால் இல்லாம அடிச்சா ஏத்துக்குது. கம்ப்யூட்டர்ல எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற யூனிகோடுல துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'எழுத்து' வகையில வராது, 'குறி'ன்னு தனி வகை, ரீஜெக்ஸ்ல ரெண்டையும் சேர்க்கணும். இவங்க எழுத்தை மட்டும் சேர்த்திருக்காங்க போல. தமிழ்ப் பேருக்குன்னே வெச்ச கட்டத்தைத் தமிழ்ப் பேரு போட்டு டெஸ்ட் பண்ணாமலே விட்டிருக்காங்க.

கதவு எண்ல சாய்கோடு கூடாதாம். பழைய எண் 7, புதிய எண் 15/2ன்னு இல்லாத தெரு தமிழ்நாட்டுல எங்க இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம். மாவட்டம் லிஸ்ட்ல மயிலாடுதுறையே இல்ல, 2020-லயே தனி மாவட்டமாயாச்சு, இங்க இன்னும் நாகப்பட்டினத்துக்குக் கீழதான் தேடணும். அம்மா பிறந்தது 1951, தேதியைக் கையால அடிக்க விடாது, காலண்டர்ல மாசம் மாசமா பின்னாடி போகணும், எண்ணூத்திச் சொச்சம் கிளிக்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். கேப்ச்சா ஒரு எழுத்து தப்பினா பக்கம் ரீலோட் ஆகி மொத்தமும் காலி! அப்பா இறப்புச் சான்றிதழை போட்டோ எடுக்கலாம்னு போன்ல கேமராவுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தா, மெமரி பத்தாம ஆண்ட்ராய்டு அந்த டேபைத் தூக்கிட்டிருக்கு, மறுபடி முதல் பக்கம்.

அப்பதான் அண்ணி, பஸ் ஸ்டாண்டு கிட்ட இருக்குற பிரௌசிங் சென்டருக்குப் போன்னு சொன்னாங்க. அங்க ஒரு பொண்ணு, "அக்கா, நேரா அதுல அடிக்காதீங்க, போயிடும்"னு சொல்லிட்டு நோட்பேடைத் திறந்துச்சு. எல்லா விவரத்தையும் வரிசையா அதுல அடிச்சுக்கிட்டு, ஸ்கேனை 50 கேபிக்குள்ள சுருக்கி டெஸ்க்டாப்ல போட்டுட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா காப்பி பேஸ்ட். பேஸ்ட் பண்ண விடாத கட்டத்தை மட்டும் கையால. செஷன் போனா திரும்ப லாகின், திரும்ப பேஸ்ட், முகத்துல ஒரு சலிப்பு கூட இல்ல. ஆனா அந்த நோட்பேட் ஃபைலை மேல தள்ளினப்போ பார்த்தேன், எங்களுக்கு முன்னாடி வந்தவங்களோட ஆதார், பேன், பேங்க் நம்பர் எல்லாம் அதுலயே வரிசையா கிடக்குது. தளம் சேவ் பண்ணாததை ஊரே சேர்ந்து ஒரு கடை கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணி வெச்சிருக்கு.

அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்ல மாட்டேன், அதுக்கு வேற வழியில்ல. எங்க ஆபீஸ்ல இதைச் சொன்னா 'லோக்கல்ஸ்டோரேஜ்ல போட்டு வைங்க'ம்பாங்க, அதாவது அந்த கம்ப்யூட்டர் பிரௌசர்லயே சேவ் பண்ணி வைக்கிறது. நம்மூருக்கு அது ஒத்து வராது, பத்து பேர் உட்கார்ற கம்ப்யூட்டர், முதல் ஆளோட ஆதார் அடுத்த ஆளுக்குத் தெரியும். செஷன்ஸ்டோரேஜ்னு இன்னொண்ணு, அதுல வெச்சது டேபை மூடினா போயிடும், பரவாயில்ல, ஆனா முன்னாடி தேர்ந்தெடுத்த ஃபைலோட பேரையோ பாதையையோ மட்டும் வெச்சு ஃபைல் கட்டத்தை ஜாவாஸ்கிரிப்டால திரும்ப நிரப்ப முடியாது, பாதுகாப்புக்காக பிரௌசரே விடாது. அதனால சர்வர்லதான் டிராஃப்ட் இருக்கணும்: ஓடிபி முடிஞ்சதும் ஒரு விண்ணப்ப எண், பக்கத்துக்குப் பக்கம் தானா சேவ், ஸ்கேன் ஏத்தின உடனே அங்க போய் உட்காரணும், கேப்ச்சா தப்பானா கேப்ச்சாவை மட்டும் திரும்பக் கேட்டா போதும். ஆதாரோட கடைசி இலக்கம் வெர்ஹோஃப்னு ஒரு கணக்குல வர்றது, ஒரு இலக்கம் மாறினாலோ பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலோ பிரௌசர்லயே பிடிச்சிடலாம். இங்க பன்னெண்டு இலக்கம் இருக்கான்னு மட்டும் பார்க்குறாங்க. கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் அது, அதை விட்டுட்டு சாய்கோட்டுக்குக் காவல் காக்குறாங்க.

ஒரு வழியா விண்ணப்பம் போயிடுச்சு, கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி எங்க வரிகளை ஃபைல்லேர்ந்தும் ஸ்கேனை ரீசைக்கிள் பின்லேர்ந்தும் அழிக்க வெச்சேன். இதே வேலைக்குப் போறவங்க, தெரிஞ்சவங்க நம்பரைக் குடுக்கறதுக்கு முன்னாடி பின்னால மாத்த முடியுமான்னு பாத்துக்குங்க. இந்தத் தளத்துல முடியாது, இனி ஸ்டேட்டஸ் எஸ்எம்எஸ் எல்லாம் அண்ணனுக்குத்தான் போகும், அவர் வாட்ஸ்அப்ல அனுப்பினாதான் எனக்குத் தெரியும்.