ஆர்டிஎக்ஸ் 5060 மடிக்கணினி: பெயரை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

என் பழைய கேமிங் மடிக்கணினியில் இருந்தது 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 என்ற என்விடியா கிராஃபிக்ஸ் சிப். செயலி, நான்கு கோர் ஐ7-7700எச்கியூ. கணக்கு வேலைக்கு இன்றும் அது போதும். விளையாட்டுக்குத்தான் ஒவ்வொரு வழியாக அடைத்துவிட்டார்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என் செயலியோ விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அதே அக்டோபரோடு, 1060 அடங்கிய பாஸ்கல் தலைமுறைச் சிப்புகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) தருவதையும் என்விடியா நிறுத்திக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்றவை ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சியை வரைவது) வசதியுள்ள சிப் இல்லாவிட்டால் ஓடவே ஓடாது. மெதுவாக ஓடினால் தரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஓடவே மாட்டேன் என்பதை எப்படிச் சமாளிப்பது?

இப்போது வாங்கியிருப்பது 16 அங்குலத் திரை, ஐ7-14650எச்எக்ஸ் செயலி, ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் சிப், 16 ஜிபி ரேம். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பாகங்களைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெட்டிக்குள் வைத்து விற்கின்றன. வித்தியாசமெல்லாம் அந்தப் பெட்டியில்தான்.

ஏன் என்றால், மடிக்கணினியில் ‘5060’ என்ற எண் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. மேசைக்கணினிக்கான 5060இல் 3840 கூடா கோர்கள் (சிப்பின் கணக்கிடும் அலகுகள்), மடிக்கணினிக்கானதில் 3328. அது போகட்டும். மடிக்கணினிச் சிப்புக்கு என்விடியா வகுத்திருக்கும் மின்வரம்பு 45 வாட்டிலிருந்து 100 வாட் வரை. அதற்குள் எந்த அளவு கொடுப்பது என்பது தயாரிப்பாளர் விருப்பம். மெல்லிய உடம்புக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடும் 5060ஐவிட, முழு வாட் பெறும் பழைய 4060 வேகமாக ஓடக்கூடும். விளம்பரத்தின் முகப்பில் இந்த எண் அநேகமாக இருக்காது. விவரக்குறிப்பின் அடியில், பொடி எழுத்தில் தேடவேண்டும். நான் தேடித்தான் 100 வாட் உள்ளதை எடுத்தேன். கனமானது, அழகில்லாதது. பரவாயில்லை.

பழையதோடு ஒப்பிட்டால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி கொடுத்தது கிராஃபிக்ஸ் அல்ல, செயலி. நான் அதிகம் விளையாடுவது ‘சிவிலைசேஷன் 6’ போன்ற வியூக விளையாட்டுகள். ஆட்டத்தின் பிற்பகுதியில் எதிராளிகள் எல்லோரும் தங்கள் முறையை முடிப்பதற்குள் பழைய கணினியில் தேநீர் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். இப்போது தண்ணீர் கொதிக்கவும் நேரமில்லை. நான்கு கோர் இருந்த இடத்தில் பதினாறு கோர் என்பதைவிட, ஒவ்வொரு கோரும் தனித்தனியே வேகமாகியிருப்பதுதான் இங்கே உதவுகிறது.

‘சைபர்பங்க் 2077’ நகரத்துத் தெருக்கள் மழையில் நனைந்து விளக்குகளைப் பிரதிபலிப்பதை முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன். திரை 2560×1600. பழைய 1920×1080 திரையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு புள்ளிகளைத் தள்ளவேண்டும். இதற்கு டிஎல்எஸ்எஸ் என்ற என்விடியா நுட்பம் இல்லாமல் ஆகாது. அது படத்தைக் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கித் தருவதை மனப்பூர்வமாக ஏற்கிறேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் இடையிடையே இயந்திரமே சட்டகங்களை (அடுத்தடுத்து வரும் படங்களை) உண்டாக்கிச் செருகும் வித்தையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அசல் வேகம் நொடிக்கு 60 சட்டகங்களாவது இருந்தால் அது அழகாக வேலை செய்கிறது. அசலே 30 என்றால் மூலையில் 100 என்று எண் காட்டினாலும் மவுஸ் சேற்றில் நடப்பதைப்போல் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து வரும் விளம்பர வரைபடங்களை நம்பி யாரும் வாங்கிவிட வேண்டாம்.

குறைகளுக்கு வருகிறேன். 16 ஜிபி ரேம் ஒரே தகடாக வந்தது. இரண்டாவது இடம் காலி. இரண்டு தகடுகள் இருந்தால்தான் செயலிக்கும் ரேமுக்கும் இடையே இரு வழிகளில் தகவல் ஓடும். கேமிங் என்று பெயர் வைத்து விற்கும் கணினியில் இந்தச் சிக்கனத்துக்கு நியாயமே இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொள்வதால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறிவிட்டது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது முன்போல் எளிதில்லை. ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

மின்விசிறிச் சத்தம் பலமானது. முழு வேகத்தில் ஓடும்போது பக்கத்து அறையில் படிக்கும் மகள் எழுந்துவந்து கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள், ஒரு வார்த்தை பேசாமல். வியூக விளையாட்டுகளுக்கு நொடிக்கு 60 சட்டகங்கள் என்று உச்சவரம்பு வைத்துவிட்டால் சத்தம் பாதிக்கு மேல் அடங்குகிறது. திரை 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 சட்டகங்கள் காட்டும் என்பதற்காக 165ஐயும் துரத்தவேண்டுமா என்ன?

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்இணைப்பை எடுத்துவிட்டால் சிப்புக்குக் கிடைக்கும் வாட் சரிந்துவிடும். விளையாட வேண்டுமென்றால் செங்கல் கனத்துச் சார்ஜரும் கூடவே வரவேண்டும். எழுத்து வேலைக்கு மட்டும் டைப்-சி சார்ஜர் போதுமாயிருக்கிறது. எப்போதும் இணைப்பிலேயே இருப்பதால் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கிராஃபிக்ஸ் நினைவகத்தின்மேல். 2016இல் வந்த 1060இலேயே 6 ஜிபி இருந்தது. 2025இல் வந்த 5060க்கு 8 ஜிபி. அடுத்த படியான மடிக்கணினி 5070க்கும் அதே 8 ஜிபிதான். 12 ஜிபி வேண்டுமென்றால் 5070 டிஐ வரை ஏறவேண்டும். சில புது விளையாட்டுகளில் மேற்பரப்புத் தரத்தை (டெக்ஸ்சர்) உச்சத்தில் வைத்தால் நினைவகம் நிரம்பி, படம் திக்கித் திக்கி நகர்கிறது. ஒரு படி குறைத்தால் சரியாகிவிடுகிறது. சிப்பிடம் தெம்பு மிச்சமிருக்கும்போதே குறைக்கவேண்டியிருப்பதுதான் உறுத்துகிறது. அதனால்தான் 5070க்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜிடிஎக்ஸ் காலத்துக் கணினியிலிருந்து மாறுகிறவருக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். 4060 வைத்திருப்பவர் வாங்கத் தேவையில்லை. வாங்குகிறவர்கள் திருப்பிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு கனமான விளையாட்டை ஒரு மணிநேரம் தொடர்ந்து ஓட்டி, சிப் எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். சொன்ன அளவுக்குப் பக்கத்தில்கூட வராவிட்டால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.