டிகாஷன் குடிக்கும் வீட்டில் ஒரு காப்ஸ்யூல் காபி இயந்திரம்

ஒரு கோப்பைக்கான தூள் அடைத்த சிறு உறையின் (காப்ஸ்யூல்) வழியே வெந்நீரைச் செலுத்திக் காபி தரும் காப்ஸ்யூல் காபி இயந்திரத்தை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், வீட்டில் எத்தனை பேர் காபி குடிக்கிறார்கள், எந்தெந்த நேரத்தில் குடிக்கிறார்கள், பால் சேர்த்துக் குடிக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். காலையில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பால் காபி குடிக்கும் வீட்டுக்கு இந்த இயந்திரம் பயன்படாது. ஒருவர் காலை பதினொரு மணிக்கும் மற்றொருவர் பின்னிரவிலும் தனித்தனியாகப் பால் இல்லாத காபி குடிக்கும் வீட்டில், இதற்கு இணையான வசதி வேறெதிலும் இல்லை. சென்னையில் உள்ள எங்கள் வீடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. காலைக் காபி இன்றும் பித்தளை ஃபில்டரில்தான் இறங்குகிறது. அதற்குப் பின்வரும் காபிகள் எல்லாம் சில ஆண்டுகளாக நெஸ்பிரஸ்ஸோ ஒரிஜினல் வகையைச் சேர்ந்த ஒரு சிறிய இயந்திரத்திலிருந்து வருகின்றன.

வாங்கும் முன்பு இயந்திரங்களின் தோற்றத்தையும் விலையையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைவிட, எந்த வகைக் காப்ஸ்யூலை நம்பி இருக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்வது முக்கியம், ஏனென்றால் ஒரு வகைக்கான காப்ஸ்யூல் மற்றொன்றில் பொருந்தாது. சுவிட்சர்லாந்தில் நெஸ்லே நிறுவனப் பொறியாளராக இருந்த எரிக் ஃபாவ்ர் 1970களில் உருவாக்கிய முறை, 1986இல் நெஸ்பிரஸ்ஸோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது; இன்று ஒரிஜினல் எனப்படுவது அதுதான். அதன் முக்கியக் காப்புரிமைகள் 2012ஐ ஒட்டிக் காலாவதியானபின், அதே அளவும் வடிவமும் கொண்ட காப்ஸ்யூல்களைப் பல நாடுகளில் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கின. இந்தியாவிலும் சிக்மகளூர், குடகுத் தோட்டங்களின் கொட்டையை வறுத்து இந்த வடிவத்தில் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நெஸ்பிரஸ்ஸோ அதிகாரபூர்வமாக இந்தியாவுக்கு வந்தது மிக அண்மையில்தான். அதுவரை துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினர்களின் பெட்டிகளை எதிர்பார்த்திருந்தவர்களுக்குக் கைகொடுத்தவை இந்த உள்நாட்டுக் காப்ஸ்யூல்களே.

அதே நிறுவனம் 2014இல் வட அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய வெர்ச்சுவோ வகை முற்றிலும் வேறு வழியில் இயங்குகிறது. அதில் காப்ஸ்யூலின் விளிம்பில் அச்சிடப்பட்டுள்ள பார்கோடை இயந்திரம் படித்து, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேகம் என்பதைத் தானே முடிவு செய்து, காப்ஸ்யூலை நிமிடத்துக்கு 7,000 சுற்றுகள் வரை சுழற்றிக் காபியை வெளியேற்றுகிறது. பெரிய கோப்பை நிறையக் காபி வேண்டுபவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் காப்ஸ்யூலுக்கு ஏறக்குறைய ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதால் நான் அதைத் தவிர்த்தேன். அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள க்யூரிக் இயந்திரத்துக்கான கே-கப் என்னும் காப்ஸ்யூலை இங்கே கடைகளில் காண்பது அரிது. அமெரிக்காவிலிருந்து எந்த வகையைக் கொண்டுவந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது: அவை 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் ஒரு கருவியை நம் 230 வோல்ட்டில் ஓட்ட வேண்டுமானால், இயந்திரத்தைவிடக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சமையல் மேடையில் வைக்க வேண்டியிருக்கும். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வாங்கியவை பிளக்கை மாற்றினாலே இயங்கிவிடும், ஆனால் அங்கே கொடுத்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படும் '19 பார் அழுத்தம்' என்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டியதில்லை. அது பம்பு எட்டக்கூடிய உச்ச அளவு மட்டுமே. எஸ்பிரஸ்ஸோ என்னும் சிறிய, கெட்டியான காபி இறங்குவதற்கு ஏறத்தாழ 9 பார் அழுத்தம் போதும். ஒரே காப்ஸ்யூலை ஏற்கும் மலிவான மாதிரிக்கும் விலை கூடிய மாதிரிக்கும் இடையே கோப்பையில் தெரியும் வேறுபாடு மிகக் குறைவு. தொட்டியின் கொள்ளளவு, உயரமான தம்ளர் அடியில் நிற்குமா, பயன்படுத்திய காப்ஸ்யூல் விழும் பெட்டி எத்தனை கொள்ளும் ஆகியவையே அன்றாடம் கவனத்துக்கு வருகின்றன.

இனி சுவை. பால் சேர்க்காத காபியைப் பொறுத்தவரை எனக்குக் குறையேதும் இல்லை. அலுமினிய உறை காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடுவதில்லை என்பதால், அரைத்த தூள் டப்பாவில் சில வாரங்களிலேயே இழந்துவிடும் மணம் காப்ஸ்யூலில் மாதக்கணக்கில் தங்குகிறது. எப்போதாவது குடிப்பவர்களுக்கு இதுவே இந்த முறையின் தலையாய நன்மை என்பேன். பால் காபி என்று வரும்போதுதான் ஏமாற்றம் தொடங்குகிறது. இதற்குக் காரணம் இயந்திரத்தின் தரம் அல்ல, அளவுதான். ஒரு காப்ஸ்யூலில் 5 முதல் 6 கிராம் தூள்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் ஒரு தம்ளர் காபிக்கான டிகாஷனுக்கு நாங்கள் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூள் போடுகிறோம். போதாததற்கு, நம் தூளில் உள்ள சிக்கரி தரும் கருநிறமும் கெட்டித்தன்மையும் காப்ஸ்யூலில் இல்லை. 40 மில்லி எஸ்பிரஸ்ஸோவில் 100 மில்லி பாலை ஊற்றினால் கிடைப்பது காபி மணமுள்ள பால்தான். 110 மில்லி இறங்கும் லுங்கோ பொத்தானை அழுத்தினால் கெட்டியாகும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அதே தூளின் வழியாக அதிகத் தண்ணீர் போவதால் கசப்புதான் கூடும், கெட்டி கூடாது.

பல வழிகளைப் பார்த்தபின் எங்கள் வீட்டில் நிலைத்தது இதுதான்: ரொபஸ்டா என்னும் காபிக்கொட்டை கூடுதலாக உள்ள, நன்றாக வறுத்த வகையைத் தேர்ந்து, 25 மில்லி அளவில் நிறுத்தி, அதில் 60 மில்லிக்கு மேற்படாமல் நன்றாகக் கொதித்த பாலைச் சேர்ப்பது. சிறிய டபராவுக்கு அது போதும். முழுத் தம்ளர் வேண்டுமானால் இரண்டு காப்ஸ்யூல். பெரும்பாலான ஒரிஜினல் மாதிரிகளில் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து, வேண்டிய அளவு இறங்கியதும் கையை எடுத்தால், அந்த அளவையே இயந்திரம் நினைவில் வைத்துக்கொள்ளும். விற்பனையாளர் பெரும்பாலும் சொல்லாத இந்த வசதியை முதல் நாளே பயன்படுத்திக்கொள்ளலாம்.

சூடு இன்னொரு குறை. ஆவி பறக்கும் காபியை ஆற்றிக் குடித்துப் பழகியவர்களுக்கு இதிலிருந்து வருவது வெதுவெதுப்பாகவே தோன்றும், ஏனெனில் 40 மில்லி திரவம் குளிர்ந்த பீங்கான் கோப்பையில் விழுந்தவுடனே சூட்டின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. காப்ஸ்யூல் போடாமல் ஒருமுறை வெந்நீரை ஓடவிட்டுக் கோப்பையைச் சூடாக்கிக்கொண்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும். பால் நுரைக்கும் கருவியைச் சேர்த்து விற்கும் தொகுப்புகள் நம் பழக்கத்துக்கு ஒத்துவருவதில்லை. அவை பாலைக் கொதிக்கவிடாமல் 60, 65 டிகிரி அளவில் நிறுத்திவிடும் வகையில் அமைந்தவை. என் மாமியார் அந்தக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் வைத்துச் சூடு பண்ணினார்.

செலவைக் கணக்கிடும்போது இயந்திரத்தின் விலையை விட்டுவிட்டுத் தூளின் விலையை மட்டும் பாருங்கள். ஒரு காப்ஸ்யூல் 50 ரூபாய் என்றும் அதில் 5 கிராம் தூள் என்றும் வைத்துக்கொண்டால், காபித்தூளுக்குக் கிலோ 10,000 ரூபாய் கொடுக்கிறோம் என்று பொருள். தெருமுனைக் கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்கும் தூளுடன் இதை ஒப்பிடவே முடியாது. வெளியே காபிக் கடையில் கொடுக்கும் தொகையுடன் ஒப்பிட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் அது வெளியே குடிப்பதை உண்மையாகவே குறைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

செலவைக் குறைக்க, நாமே தூள் நிரப்பும் எஃகுக் காப்ஸ்யூலையும் பயன்படுத்திப் பார்த்தேன். ஃபில்டருக்காக அரைத்த தூள் இதற்குக் கொரகொரப்பானது. தண்ணீர் விரைந்து ஓடிவிட, நீர்த்த காபிதான் வந்தது. நைசாக அரைத்த சிக்கரி கலந்த தூளோ பசைபோல் இறுகிக்கொண்டு, பம்பு முனகியும் சொட்டுச் சொட்டாகவே இறங்கியது. சிக்கரி இல்லாத தூளை எஸ்பிரஸ்ஸோவுக்கென்று அரைத்து வாங்கி, அளவாக அழுத்தி நிரப்பினால் குடிக்கத்தக்க காபி கிடைக்கிறது. இத்தனை பாடுபடுவதாக இருந்தால் காப்ஸ்யூல் இயந்திரம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. பிற நிறுவனங்களின் பிளாஸ்டிக் காப்ஸ்யூல்களில் ஒன்று சரியாகத் துளைபடாமல், காபி பக்கவாட்டில் கசிந்து பெட்டியை நிறைத்தது. அதன்பின் அலுமினியத்தில் வருபவற்றை மட்டும் வாங்குகிறேன்.

பராமரிப்பில் தண்ணீர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இயந்திரத்துக்குள் தண்ணீர் சூடாகும் பாதை மிகக் குறுகலானது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நேராக ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு அங்கேயும் படியும். காபி இறங்கும் நேரம் நீள்வதும், சூடு குறைவதும், பம்பின் ஓசை மாறுவதும் அதன் அறிகுறிகள். நாங்கள் வடிகட்டிய குடிநீரையே ஊற்றுகிறோம். அப்படியும் கையேட்டில் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்பக் கொடுத்துள்ள இடைவெளியில் சுண்ணாம்பு நீக்கும் திரவத்தை ஓடவிடுகிறோம். அதற்குப் பதிலாக வினிகர் ஊற்றலாம் என்று பலர் சொல்வார்கள். அதன் நெடி எளிதில் போகாது, ரப்பர் வளையங்களுக்கும் நல்லதல்ல.

பயன்படுத்திய காப்ஸ்யூல் விழும் பெட்டியையும் அடியிலுள்ள தட்டையும் தினமும் காலி செய்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரண்டு நாள் மறந்துவிட்டு ஊருக்குப் போய்வந்தால் உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கும். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும் இதை வீடுகளில் வழக்கமாக உள்ள சிறிய இன்வெர்ட்டர் தாங்காது.

குப்பை பற்றி எனக்கு உறுத்தல் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016இல் தன் அலுவலகக் கட்டடங்களுக்கு இத்தகைய காப்ஸ்யூல்களை வாங்குவதையே நிறுத்தியது. அலுமினியம் திரும்பத் திரும்ப உருக்கத்தக்க உலோகம்தான், ஆனால் உள்ளே ஈரத்தூளோடு தூக்கியெறியப்படும் காப்ஸ்யூலை யாரும் உருக்கப்போவதில்லை. எங்கள் வீட்டில் மேற்பகுதியைக் கிழித்துத் தூளை மாடித் தொட்டிச் செடிகளின் மண்ணில் கலந்துவிட்டு, கழுவிக் காயவைத்த உறைகளைப் பையில் சேர்த்துப் பழைய சாமான்காரரிடம் கொடுக்கிறோம். அவர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார், ஆனால் கையளவு கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். பை நிறைய வேண்டும். இந்த வேலைக்கு வாரத்தில் ஒரு அரைமணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் வாங்கும் முன்பே யோசிப்பது நல்லது.

இப்போதுள்ளது பழுதானால் இதே வகையில், பால் கருவி சேராத மிகச் சிறிய மாதிரியையே மறுபடி வாங்குவேன். புதிதாக வாங்குபவர்கள், தம் ஊரில் வாரத்துக்குள் கைக்கு வந்து சேரும் காப்ஸ்யூல்கள் எத்தனை நிறுவனங்களுடையவை என்று பார்த்துவிட்டு, நண்பர் வீட்டு இயந்திரத்தில் தமக்குப் பிடித்த அளவு பால் சேர்த்து ஒரு கோப்பை குடித்துப் பார்த்தபின் பணம் கட்டலாம்.